"நேத்து வாந்தி எடுத்திருக்காரு": ஒரு நர்ஸுக்கு ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட் சொல்லிக் கொடுத்த மூணு மாசம்

பின்னணி

தென் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல உக்காந்து வெளிநாட்டு வேலைக்குப் போற நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்குறேன், அதுல ஒருத்தங்களோட விஷயம் இது. பேரு, ஆஸ்பத்திரி, ஊரு எதையும் சொல்லல. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், "மத்தவங்களுக்கு உபயோகப்பட்டா எழுதுங்க மேடம்"னு சொன்னாங்க.

வயசு 31. பிஎஸ்சி நர்சிங். ஒரு தனியார் ஆஸ்பத்திரில சர்ஜிக்கல் வார்டுல எட்டு வருஷ சர்வீஸ். இங்கிலாந்து போறதுக்கு ஓ.இ.டி. (மருத்துவத் துறைல இருக்குறவங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை) எழுதினாங்க, அதுல லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணும் 350க்கு மேல வந்துருச்சு, ரைட்டிங் மட்டும் 270. அங்க இருக்குற நர்சிங் கவுன்சில் ரைட்டிங்க்கு 300 இருந்தா போதும்னு வெச்சிருக்காங்க, மத்த மூணுக்கும் 350 வேணும். ஆக 30 மார்க்ல நின்னு போச்சு. எட்டு வருஷம் வார்டுல நின்ன ஒருத்தங்க ஒரு லெட்டர்னால நிக்கிறாங்கன்னா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ரைட்டிங் பேப்பர் 45 நிமிஷம், முதல் அஞ்சு நிமிஷம் படிக்க மட்டும்தான், எழுதக் கூடாது. ஒரு பேஷண்ட்டோட கேஸ் நோட்ஸ் குடுப்பாங்க, அத வெச்சு இன்னொரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ 180லேர்ந்து 200 வார்த்தைல லெட்டர் எழுதணும். கேஸ் நோட்ஸ்ல முழு வாக்கியமே இருக்காது. "டைப் டூ டயபெட்டீஸ், 2012. மெட்ஃபார்மின் சின்ஸ் 2015. ஸ்மோக்கர் 20 இயர்ஸ், க்விட் 2018" இப்படித்தான் துண்டு துண்டா இருக்கும். வெர்ப் கிடையாது, அதனால டென்ஸும் கிடையாது. எந்த டென்ஸ் போடணும்ங்கிற முடிவு முழுக்க எழுதுறவங்க தலைலதான்.

முதல் ரெண்டு வாரத்துல பாத்தது

அவங்க ஏற்கனவே ப்ராக்டிஸுக்கு எழுதின லெட்டரையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஸ்பெல்லிங் நல்லா இருக்கு, மெடிக்கல் வார்த்தையெல்லாம் சுத்தம். ஆனா ஒவ்வொரு லெட்டர்லயும் அஞ்சாறு இடத்துல ஒரே மாதிரி தப்பு திரும்பத் திரும்ப வருது.

"ஹி ஹேஸ் பீன் டயக்னோஸ்டு வித் டயபெட்டீஸ் இன் 2012"னு எழுதியிருந்தாங்க. 2012 முடிஞ்சு போன வருஷம், அதோட ஹேஸ் சேராது, "வாஸ் டயக்னோஸ்டு"தான் வரணும். அதுக்கு அடுத்த வரியே "ஹி இஸ் டேக்கிங் மெட்ஃபார்மின் சின்ஸ் 2015". இங்க 2015லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எடுத்துட்டு இருக்காரு, "ஹேஸ் பீன் டேக்கிங்"னு வரணும். அதாவது ஹேஸ் வரக் கூடாத இடத்துல வந்துருக்கு, வர வேண்டிய இடத்துல வரல. இத முதல்ல பாத்தப்ப அவங்களுக்கு ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்டே, அதாவது இந்த ஹேவ், ஹேஸ் போட்டு எழுதுற டென்ஸே தெரியலன்னுதான் நெனச்சேன்.

அதனால கோடிட்ட இடத்தை நிரப்புற மாதிரி இருபது கேள்வி குடுத்தேன். பதினெட்டு சரி! சின்ஸ் எப்ப, ஃபார் எப்ப, யெஸ்டர்டே வந்தா சிம்பிள் பாஸ்ட், எல்லாமே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாங்க. பன்னெண்டு டென்ஸ் கட்டம் கட்டமா போட்ட சார்ட் அவங்க பீரோ கதவுலயே ஒட்டியிருக்குன்னு சொன்னாங்க. ரூல் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு மறுபடியும் அதே ரூல சொல்லி என்ன ஆகப் போகுது. கேள்வித்தாள்ல பெருசா தப்பு இல்ல, லெட்டர்ல மட்டும் தப்புன்னா, அந்த வாக்கியம் அவங்க மனசுக்குள்ள வேற எங்கேயோ உருவாகுதுன்னு அர்த்தம்.

காரணம் பிடிபட்டது

ஒரு நாள் நைட் ட்யூட்டி முடிச்சு காலைல வீட்டுக்குப் போனதும் போன் பண்ணாங்க. க்ளாஸ கவனிக்கிற தெம்பு அவங்களுக்கு இல்ல, அதனால ஹேண்டோவர், அதாவது ட்யூட்டி மாறும்போது பேஷண்ட்டோட நிலைமைய அடுத்த நர்ஸுக்கு சொல்றது, அத வெச்சு பாக்கலாம்னு "சிஸ்டர், நீங்க டெய்லி ஹேண்டோவர் குடுப்பீங்கல்ல, பேஷண்ட் பேரு எதுவும் வேண்டாம், கற்பனையா ஒரு பேஷண்ட்ட வெச்சு தமிழ்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க"ன்னேன். அவங்க யோசிக்காம கடகடன்னு சொன்னது இது:

"இவருக்கு ஹெர்னியா சர்ஜரி. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்திருக்காரு. டாக்டர் வந்து பாத்திருக்காங்க. இன்னும் யூரின் போகல. வலி ரெண்டு நாளா இருக்கு. 2012ல சுகர் கண்டுபிடிச்சிருக்காங்க, 2015லேர்ந்து மாத்திரை போடுறாரு."

இத நான் நோட்டுல எழுதி வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். அவங்களோட தப்பு எல்லாமே இந்த ஆறு வரிக்குள்ளயே இருக்கு, ஆனா தமிழ்ல ஒரு தப்பும் இல்ல.

"நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்திருக்காரு"ன்னு நாம சொல்லும்போது அந்த 'எடுத்திருக்காரு' என்ன வேலை செய்யுது? 'எடுத்தாரு'ன்னா நான் பக்கத்துல நின்னு பாத்தேன். 'எடுத்திருக்காரு'ன்னா நான் பாக்கல, சார்ட்ல இருக்கு, இல்ல அட்டெண்டர் சொன்னாங்க, இல்ல பெட்ஷீட்டப் பாத்தா தெரியுது. அதாவது தமிழ்ல இந்த 'இருக்கு' வடிவம் எனக்கு இது எப்படித் தெரிய வந்துச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லுது. அதனால நேத்து, போன வாரம், 2012ல, ரெண்டு மணிக்குன்னு எந்த நேரத்தோடயும் அது தாராளமா ஒட்டும். நர்ஸுங்க பேச்சுல இது இன்னும் அதிகம், ஏன்னா ஹேண்டோவர்ங்கிறதே பாதிக்கு மேல சார்ட்ட பாத்து சொல்றதுதான்.

இங்கிலீஷ் ஹேவ், ஹேஸ்க்கு இந்த வேலையே கிடையாது. அது சொல்றது ஒண்ணே ஒண்ணு: நடந்த விஷயத்துக்கும் இந்த நிமிஷத்துக்கும் நடுவுல கதவு திறந்து இருக்கு. நேத்து, 2012, ரெண்டு மணின்னு ஒரு முடிஞ்ச நேரத்த சொல்லிட்டா கதவ சாத்தியாச்சு, அதுக்கப்பறம் ஹேஸ் உள்ள வர வழி இல்ல. "ஹி வாமிட்டட் அட் டூ ஏ.எம்." அவ்வளவுதான். நான் பாக்கல, சார்ட்ல இருக்குன்னு சொல்லணும்னா தனியா "அக்கார்டிங் டு த சார்ட்"னு ஒரு வார்த்தை சேத்துக்கணும்.

இப்ப கடைசி வரியப் பாருங்க. "2015லேர்ந்து மாத்திரை போடுறாரு". தமிழ்ல இது சாதா நிகழ்காலம், 'இருக்கு'வே இல்ல. அதான் அவங்க "இஸ் டேக்கிங்"னு எழுதுறாங்க. இங்கிலீஷ்ல போன காலத்துல ஆரம்பிச்சு இப்பவும் ஓடுற விஷயத்துக்குத்தான் ஹேஸ் பீன். ஆக ரெண்டு மொழியும் இந்த இடத்துல நேர் எதிரா நிக்குது: தமிழ்ல 'இருக்கு' வர்ற எடத்துல இங்கிலீஷ்ல பல தடவை ஹேஸ் வராது, தமிழ்ல 'இருக்கு' வராத இந்த மாதிரி எடத்துல ஹேஸ் கட்டாயம் வரும்.

இதுல என் பங்கு இருக்கு, அத மறைக்க விரும்பல. "பண்ணியிருக்கேன்னா ஹேவ் டன், சாப்பிட்டிருக்கேன்னா ஹேவ் ஈட்டன்"னு முதல் க்ளாஸ்லயே அவங்களுக்கு சொல்லிக் கொடுத்தது நான்தான். வருஷக்கணக்கா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன், பல டியூஷன்ல சொல்றதும் அதேதான். ஆரம்பத்துல கேக்க சுலபமா இருக்கும். ஆனா நேரச் சொல் ஒண்ணு வந்து பக்கத்துல உக்காந்ததும் அந்த சமன்பாடு உடைஞ்சிரும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, டென்ஸ் சார்ட்ட கழட்டச் சொன்னது. அவங்களுக்கு அது பிடிக்கல, "அத பாத்துதான் மேடம் பாஸ் பண்ணேன்"ன்னாங்க. சார்ட் வெர்ப்லேர்ந்து ஆரம்பிக்குது, கேஸ் நோட்ஸ்ல வெர்ப்பே இல்லையே, அங்க இருக்குறது நேரம் மட்டும்தானே, அதனால நேரத்துலேர்ந்து ஆரம்பிப்போம்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க.

ரெண்டாவது, 'எடுத்திருக்காரு, பாத்திருக்காங்க' பக்கமே பாக்காம, தமிழ் நேரச் சொல்லோட வால மட்டும் பாக்குறது. இதுக்கு நம்ம மொழியே நல்லா உதவி பண்ணுது. "ரெண்டு நாளா"ன்னு 'ஆ'வுல முடிஞ்சா ஃபார். "திங்கக்கிழமைலேர்ந்து"ன்னு 'லேர்ந்து'ல முடிஞ்சா சின்ஸ். இந்த ரெண்டும் இப்ப வரைக்கும் ஓடுதுன்னா ஹேஸ். "ரெண்டு நாளைக்கு முன்னாடி"ன்னா அகோ, சிம்பிள் பாஸ்ட், ஹேஸ் கிடையாது. "இதுக்கு முன்னாடி இப்படி வந்துருக்கா"ன்னு கேட்டா அது அகோ இல்ல, பிஃபோர், அங்க ஹேவ் வரும். 'முன்னாடி'ங்கிற ஒரே சொல் ரெண்டு பக்கமும் போகும், அத மட்டும் தனியா ஒரு நாள் முழுக்க பண்ணோம்.

இந்த வால் பாக்குற முறைல "சின்ஸ் டூ டேஸ்"ங்கிற தப்பு ஒரே வாரத்துல போயிருச்சு. "ரெண்டு நாளா வலி"ன்னு சொல்லலாம், "திங்கக்கிழமையா வலி"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல, அவங்க காதே அத தடுத்துரும்.

மூணாவது முடிவு ஜோடி வாக்கியம். ஒரே தகவல ரெண்டு விதமா எழுத வெச்சேன். "ஹி வாஸ் டயக்னோஸ்டு வித் டயபெட்டீஸ் இன் 2012." அடுத்து "ஹி ஹேஸ் ஹேட் டயபெட்டீஸ் சின்ஸ் 2012." கண்டுபிடிச்சது ஒரு நாள்ல முடிஞ்ச சம்பவம், வியாதி இன்னும் கூடவே இருக்கு. அந்த ரெண்டாவது வாக்கியத்துல அவங்க பேனா அப்படியே நின்னுருச்சு. "மேடம், ஹேஸ் ஹேட்னு ரெண்டும் சேந்து வருமா? ஏதோ தப்பா டைப் அடிச்ச மாதிரி இருக்கே." எனக்கு அப்பதான் புரிஞ்சுது, இத்தன நாளா அந்த வடிவத்த அவங்க பயந்துட்டே தவிர்த்திருக்காங்க, அந்த இடத்துலதான் "ஹி இஸ் ஹேவிங் டயபெட்டீஸ் சின்ஸ்"னு எழுதியிருக்காங்க. முதல் ஹேஸ் துணைக்கு வந்தது, ரெண்டாவது ஹேட்தான் வியாதிய சுமக்குற வெர்ப்புன்னு சொல்லி, ஹேஸ் ஹேட் ஆஸ்துமா, ஹேஸ் ஹேட் ஃபீவர், ஹேஸ் ஹேட் பெயின்னு நாப்பது அம்பது தடவை வாயால சொல்ல வெச்சேன். கூச்சம் போற வரைக்கும் சொல்லணும், வேற வழி இல்ல.

'இல்ல'ன்னு சொல்ற வாக்கியம்

இது நான் எதிர்பாக்காத இடம். "இன்னும் யூரின் போகல"ன்னு ஹேண்டோவர்ல வந்துச்சுல்ல. தமிழ்ல "நேத்து போகல"ன்னாலும் 'போகல', "இன்னும் போகல"ன்னாலும் அதே 'போகல'தான். இல்லன்னு சொல்லும்போது நம்ம மொழி அந்த வித்தியாசத்த வெர்ப்ல காட்டுறதே இல்ல, பக்கத்துல இருக்குற 'இன்னும்'தான் காட்டுது. அவங்க எழுதினது "ஹி டிட் நாட் பாஸ் யூரின் ஆஃப்டர் சர்ஜரி".

"இத படிக்கிற டாக்டர் என்ன நெனப்பாரு சிஸ்டர்"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு அவங்களே சொன்னாங்க, "ஏதோ பழைய கதை மாதிரி இருக்கு மேடம், அப்பறம் போயிருக்கும்னு நெனப்பாரு." ஆமா. "ஹி ஹேஸ் நாட் பாஸ்டு யூரின் சின்ஸ் த சர்ஜரி"ன்னு எழுதினா இந்த நிமிஷம் வரைக்கும் போகல, ப்ளாடர் நெறைஞ்சுட்டு இருக்கலாம், ஸ்கேன் பண்ணு, தேவைப்பட்டா கதீட்டர் போடுன்னு அர்த்தம். ஒரு சர்ஜிக்கல் வார்டு நர்ஸுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையே இல்ல. அன்னைலேர்ந்து டென்ஸ அவங்க மார்க் விஷயமா பாக்குறத விட்டுட்டாங்க, பேஷண்ட் விஷயமா பாக்க ஆரம்பிச்சாங்க, அந்த மாற்றம் அவங்க குரல்லயே தெரிஞ்சுது.

ஆறாவது வாரம் வந்த பின்னடைவு

எல்லாம் நல்லாப் போகுதுன்னு நெனச்சப்பதான் அடுத்த சிக்கல். ஹேஸ் தப்பா வந்துரக் கூடாதேங்கிற பயத்துல எல்லா இடத்துலயும் சிம்பிள் பாஸ்ட் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ரோல் ப்ளேல நான் டாக்டர், அவங்க போன்ல பேஷண்ட் பத்தி சொல்றாங்க: "ஷி ஹேட் செஸ்ட் பெயின் ஃபார் டூ டேஸ்". நான் உடனே "ஓகே, குட், ஸோ த பெயின் இஸ் கான்?"னு கேட்டேன். அவங்க பதறிப் போய் "நோ டாக்டர், பெயின் இஸ் தேர், நவ் ஆல்ஸோ"ன்னாங்க. அப்பறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஃபார் டூ டேஸ் ரெண்டு பக்கமும் வரும்ங்கிறத நான் சரியாச் சொல்லிக் குடுக்கல. "ஹேட் பெயின் ஃபார் டூ டேஸ்"னா வந்துச்சு, ரெண்டு நாள் இருந்துச்சு, போயிருச்சு. "ஹேஸ் ஹேட் பெயின் ஃபார் டூ டேஸ்"னா இப்பவும் வலிக்குது. நேரச் சொல் ஒண்ணுதான், ஹேஸ்தான் கதவத் திறக்குது இல்ல மூடுது. "ஸ்மோக்கர் 20 இயர்ஸ், க்விட் 2018"ங்கிற நோட்ஸும் இதே மாதிரிதான், விட்டுட்டாருன்னு இருக்குறதால "ஹி ஸ்மோக்ட் ஃபார் 20 இயர்ஸ் அண்ட் க்விட் இன் 2018", க்விட் இல்லாம இருந்தா "ஹேஸ் ஸ்மோக்ட்". அதனால வால் பாக்குறதோட ஒரு கேள்வியயும் சேத்தோம்: இப்பவும் இருக்கா? நோட்ஸ்ல ஒவ்வொரு நேரத்தப் பாத்ததும் மனசுக்குள்ள இத கேட்டுட்டுத்தான் வெர்ப் எழுதணும்.

'காலைல'யும் கொஞ்சம் தொந்தரவு குடுத்துச்சு. காலை பத்து மணிக்கு "ஹி ஹேஸ் வாமிட்டட் ட்வைஸ் திஸ் மார்னிங்"னு சொல்லலாம், காலை இன்னும் முடியல. அதையே ராத்திரி எட்டு மணி ஹேண்டோவர்ல சொன்னா "ஹி வாமிட்டட் ட்வைஸ் திஸ் மார்னிங்". டுடேன்னா எட்டு மணிக்கும் ஹேஸ் வரும், நாள் இன்னும் முடியலல்ல. இத ஷிஃப்ட் டைம வெச்சு சொன்னதும் உடனே பிடிச்சுக்கிட்டாங்க. இப்பதான், ஏற்கனவேங்கிறதுக்கு ஜஸ்ட், ஆல்ரெடி எல்லாம் அவங்களுக்கு பிரச்சனையே இல்ல. அமெரிக்காக்காரங்க அங்க சிம்பிள் பாஸ்ட்டும் போடுவாங்க, இவங்க போறது இங்கிலாந்து, அதனால ஹேஸ் ஜஸ்ட்னே வெச்சுக்கோங்கன்னு ஒரு வரில முடிச்சுட்டேன்.

"நேத்து வந்திருந்தாரு"ன்னு நாம சாதாரணமா சொல்றத "ஹேட் கம் யெஸ்டர்டே"ன்னு எழுதுற பழக்கமும் இருந்துச்சு. அதுவும் இதே குடும்பம்தான், வெர்ப்போட வடிவத்த அப்படியே தூக்கிட்டுப் போறது. நேரத்தப் பாத்து ஆரம்பிக்கிற பழக்கம் வந்ததும் அது தானாவே குறைஞ்சிருச்சு.

நடந்தது

பதினோரு வாரம் கழிச்சு மறுபடியும் எழுதினாங்க, ரைட்டிங் 330. டென்ஸ் சரி பண்ணதால மட்டும் வந்த மார்க்னு சொன்னா அது உண்மை இல்ல. அந்த லெட்டர ஆறு விஷயத்த வெச்சு மதிப்பிடுறாங்க, மொழி அதுல ஒண்ணுதான். நோட்ஸ்ல இருக்குற எல்லாத்தையும் கொண்டு வந்து கொட்டுற பழக்கத்தையும் இதே சமயத்துல நிறுத்தினோம், எதுக்காக எழுதுறேன்ங்கிறத முதல் பத்திலயே சொல்ல வெச்சோம். எது எவ்வளவு குடுத்துச்சுன்னு பிரிக்க முடியாது. ஆனா கடைசி நாலு ப்ராக்டிஸ் லெட்டர்ல இன் 2012 கூட ஹேஸ் ஒரு இடத்துல கூட வரல, சின்ஸ் கூட 'இஸ்' ஒரே ஒரு இடத்துல வந்துச்சு. பேசும்போது அவசரத்துல இன்னும் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் எயிட் இயர்ஸ்" வரும், அவங்களே நிறுத்தி "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் எயிட் இயர்ஸ்"னு மாத்திக்கிறாங்க.

இனிமே மாத்திக்கப் போறது

இருக்கேன்னா ஹேவ்ங்கிறத எந்த பேட்ச்லயும் இனிமே சொல்லப் போறதில்ல. ஆரம்பத்துல அது குடுக்குற சுலபத்த விட பின்னாடி அத கழட்ட ஆகுற நேரம் ரொம்ப அதிகம், இவங்களுக்கு ரெண்டு மாசம் அதுலயே போச்சு. 'வாஸ் டயக்னோஸ்டு இன்', 'ஹேஸ் ஹேட் சின்ஸ்' ஜோடிய முதல் வாரத்துலயே குடுத்துருவேன். இப்பவும் இருக்காங்கிற கேள்விய வால் பாக்குற முறையோட ஒரே நாள்ல சொல்லணும், தனித்தனியா சொன்னதாலதான் அந்த ஆறாவது வாரம் வந்துச்சு. கோடிட்ட இடத்தை நிரப்புற டெஸ்ட்ட வெச்சு யாரையும் எடை போடக் கூடாதுன்னும் முடிவு பண்ணிட்டேன்.

இப்ப புதுசா வர்றவங்ககிட்ட முதல் நாள் பேப்பரே குடுக்குறதில்ல. தமிழ்ல மூணு வாக்கியம் சொல்றேன்: "நேத்து ராத்திரி வாந்தி எடுத்திருக்காரு. மூணு நாளா சாப்பிடல. எனக்கு அவர அஞ்சு வருஷமா தெரியும்." இத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னு கேட்டுட்டு நோட்ட எடுத்து வெச்சுக்குவேன். முதல் வாக்கியத்துல ஹேஸ் வருதா, மூணாவதுல "ஐ நோ ஹிம்"னு நின்னுருதான்னு பாத்துட்டு, அங்கேர்ந்துதான் க்ளாஸ ஆரம்பிக்கிறேன்.